கலைச்சொல் வேண்டும்: பரோலோ வைனுக்கு ‘மூப்பா’, ‘முதிர்வா’, ‘நாட்படுதலா’?

அல்பாவிலிருந்து, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

வட இத்தாலியின் பியெமொந்தே மாநிலத்தில், அல்பா நகருக்குப் பக்கத்தில் ஒரு வைன் நிலவறையில் வழிகாட்டியாக வேலை செய்கிறேன். சுவிஸிலிருந்து நம்மவர்கள் காரெடுத்து வந்து பார்த்துப் போவது கூடியிருக்கிறது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சுவைப்புத்தாளைத் தமிழிலும் போடச் சொல்லிவிட்டார் முதலாளி. ஒரே பக்கம்தான். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பரோலோ சிவப்பு வைன். நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையில்தான் செய்யலாம். அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடக்கம் 38 மாதம் கிடந்த பிறகே விற்கலாம். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். ‘ரிசெர்வா’ என்று போட 62 மாதம். இப்படிக் கிடப்பதற்கு இத்தாலியனில் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று ‘இன்வெக்கியமெந்தோ’, அதற்குள் இருக்கும் ‘வெக்கியோ’ என்றால் கிழம். மற்றது ‘அஃபினமெந்தோ’, ‘ஃபினோ’ என்றால் நுண்மை. எங்கள் நிலவறையில் பீப்பாயில் இருப்பதை முதல் சொல்லாலும், போத்தலில் அடைத்தபின் கிடப்பதை இரண்டாவதாலும் சொல்வோம்.

அடுத்தது ‘தன்னினோ’. நாங்கள் யாழ்ப்பாணத்தில் ‘தனின்’ என்று படித்தது. ஒரு மிடறு வைத்ததும் நாக்கையும் பல்முரசையும் இழுத்துப் பிடிக்குமே, அதற்குக் காரணமான பொருள்.

இப்போதைக்கு ‘வைனை வயதாக்குதல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, “உன்னைப் பெத்து எனக்கும் அதுதான் நடந்தது” என்றார். ஆகவே உதவுங்கள்.

தஞ்சையிலிருந்து, புதன் காலை

அன்பு மகளுக்கு,

‘வைன்’ எதற்கு? ‘தேறல்’ இருக்கிறது. ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறம் 56இல் நக்கீரர் சொன்னது மேற்கிலிருந்து கப்பலேறி வந்த இதே சரக்கைத்தான். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த சாடிகளில் இத்தாலியிலிருந்து வந்தவையும் உண்டு. சரக்கு அவர்களுடையது, சொல் நம்முடையது. இப்போது சொல்லையும் அங்கிருந்தே இறக்குவானேன்?

வயதாக்குதலுக்கு ஔவையாரே விடை வைத்திருக்கிறார். புறம் 392: ‘தேட்கடுப் பன்ன நாட்படு தேறல்’. ஆகவே ‘நாட்படுத்தல்’. போத்தலில் கிடப்பதற்குக் கபிலரின் ‘நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்’ (புறம் 120) கைகொடுக்கும். நிலத்தில் புதைத்துப் பழுக்கவைத்தது. நிலவறைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ‘பழுனல்’ என்று போடுக.

‘பீப்பாய்’ போர்த்துக்கீசியச் சொல். ‘மரமிடா’ என்க.

தூத்துக்குடியிலிருந்து, புதன் காலை

> தேட்கடுப் பன்ன

ஐயா, தேள் கொட்டியது போல இருக்கும் என்று தாளில் படித்தால், சூரிச்சிலிருந்து மணிக்கணக்கில் வண்டி ஓட்டி வந்த மனிதர் அப்படியே திரும்பிவிடுவார்.

‘பழுனல்’ என்று என் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “பழுதா?” என்று கேட்டார்கள். மிடா என்றால் எனக்குத் தெரிந்து பானை. மரப்பானை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பல் தேய்த்தேன்.

யாராவது ‘ஊறல்’ என்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ‘500 லிட்டர் ஊறல் அழிப்பு’ என்று செய்தித்தாளில் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

சென்னையிலிருந்து, புதன் மாலை

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

‘நாட்படுதல்’ நாள் கழிந்ததை மட்டும் சொல்கிறது. உள்ளே நடப்பதைச் சொல்லவில்லை. பீப்பாயில் இருக்கும்போது மரத்தின் வழியாகச் சிறுகச் சிறுக ஆக்சிஜன் உள்ளே போகிறது. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும், ஆந்தோசயனின் என்ற நிறமியோடும் பிணைந்து பெரிதாகின்றன. அதில் ஒரு பகுதி கனத்து அடியில் படியும். நிறம் சிவப்பிலிருந்து செங்கல் பக்கம் நகரும், பிடிப்பும் தளரும். இதற்கு ‘முதிர்வு’ போதும். பீப்பாய் முதிர்வு, போத்தல் முதிர்வு. பிள்ளைகளுக்கும் புரியும்.

டானினை ‘டானின்’ என்றே விடுங்கள். அது உமிழ்நீரில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. நாம் துவர்ப்பு என்று சொல்வது பெரும்பாலும் அந்த உரசல்தான். கண்டிப்பாகப் பார்த்தால் அது சுவையைவிடத் தொடு உணர்வுக்கே நெருக்கம்.

தஞ்சையிலிருந்து, புதன் இரவு

> சுவையைவிடத் தொடு உணர்வுக்கே நெருக்கம்

அம்மா, அறுசுவையை ஐந்தாக்கும் அதிகாரம் வேதியியல் துறைக்கு எப்போது வந்தது? வாழைப்பூவையும் கடுக்காயையும் நாவல்பழத்தையும் நாக்கில் வைத்துத்தான் இந்த மொழி அந்தச் சொல்லைச் செய்தது.

டானினுக்குத் தமிழ் உண்டு. தோலைப் பதனிட ஆவாரம்பட்டை போடுகிறோம். பதனிடுவது எதுவோ அது ‘பதனி’. எளிது, இனிது.

தூத்துக்குடியிலிருந்து, புதன் இரவு

ஐயா!! எங்கள் ஊரில் பதனி என்றால் பனை மரத்திலிருந்து இறக்குவது. பட்டையை மடித்து ஊற்றிக் குடிப்போம். ‘இந்த வைனில் பதனி அதிகம்’ என்று எழுதினால், கலப்படம் என்று நினைத்துச் சண்டைக்கு வருவார்கள்.

நாகர்கோவிலிலிருந்து, வியாழன் காலை

நண்பர்கள் துவர்ப்பைத் தொட்டுவிட்டு நகர்ந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் நில்லுங்கள்.

‘துவர்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் பாருங்கள். துவர்ப்புச் சுவை ஒன்று. சிவப்பு இன்னொன்று: துவர்வாய் என்றால் பவளம் போன்ற வாய். காய்தல், உலர்தல் மூன்றாவது. குளித்துவிட்டு நீங்கள் தலையைத் துவட்டுகிறீர்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் துவர்த்துவோம். துண்டுக்கே துவர்த்து என்றுதான் பெயர். மலையாளத்தில் அதுவே தோர்த்து.

இப்போது நம் சகோதரி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். சிவப்பாக இருக்கிறது, துவர்க்கிறது, வாயை உலர்த்துகிறது. மூன்றையும் ஒரே அசைக்கூட்டில் அடைத்து வைத்திருக்கும் மொழி, இதற்குப் போய் இத்தாலியிலிருந்து கடன் கேட்கிறது!

மூன்றும் எப்படிச் சேர்ந்தன? இது என் ஊகம்தான். தேவாரத்தில் புத்தத் துறவிகளின் காவி உடையைத் துவராடை என்பார்கள். மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தால் துணி செந்நிறமாகும். பட்டைச்சாறு துவர்க்கும். தோய்த்ததை உலர்த்தவும் வேண்டும். சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் வாயில்தான் இந்தச் சொல் பிறந்திருக்கும்.

ஆகவே டானின் = ‘துவரி’. அல்லது ‘துவர்ப்பி’. துவரையும் கூட...

தஞ்சையிலிருந்து, வியாழன் காலை

துவரை என்றதும் நினைவு வந்தது. புறம் 201இல் ‘துவரை ஆண்டு’ என்று வருகிறதே, அது துவாரகைதானா, வேறு ஊரா என்பது இன்னும் தீராத வழக்கு. என் கருத்தை விரிவாக மூன்று மடலில் எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர், வியாழன் மதியம்

தயவுசெய்து வேண்டாம் ஐயா. தனி இழை தொடங்குங்கள். திங்கட்கிழமை அச்சு. (‘மட்டுறுத்துநர்’ என்ற என் பதவிப்பெயரை முடிவு செய்யவே இந்தக் குழு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது என்பதையும் நினைவூட்டுகிறேன்.)

தூத்துக்குடியிலிருந்து, வியாழன் மதியம்

கபிலர் பாட்டில் ‘மட்டு’ என்றால் கள். அப்படிப் பார்த்தால் இந்த இழையைக் கவனிக்க உங்களைவிடத் தகுதியானவர் இல்லை.

அல்பாவிலிருந்து, வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி. வேதியியல் அக்காவின் விளக்கத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன்.

சொல்லை மட்டும் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று பட்டது. அதனால் முதலாளியிடம் கேட்டு வைத்து, இன்று வேலை முடிந்ததும் 2016, 1996 அறுவடைப் பரோலோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தேன். வெளியே பனிமூட்டம். நெப்பியோலோவின் பெயரே ‘நெப்பியா’, அதாவது பனிமூட்டம், என்பதிலிருந்து வந்தது என்று இங்கே சொல்வார்கள். அக்டோபரில் இந்தப் பழம் பறிக்கும் நாளில் குன்றுகளைப் பனி மூடிவிடும்.

2016இன் நிறத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிகிற வெளிறின சிவப்பு. சாதுவான வைன் என்று நினைத்து ஒரு வாய் குடித்தால், பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. புளிப்பும் சேர்ந்து வருகிறது. சாப்பாடு இல்லாமல் இரண்டாவது மிடறு எனக்கு ஓடவில்லை.

1996ஐ நேற்றே நிமிர்த்தி வைத்திருந்தோம். மண்டி அடியில் இறங்க வேண்டும். பிறகு அசையாமல் சாய்த்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறு குடுவைக்கு வடித்தோம். ஓரம் முழுக்கச் செம்மஞ்சள். துவர்ப்பு போய்விடவில்லை, ஆனால் கடிக்கவில்லை. நாக்கில் ஒரு மெல்லிய துணி பட்டது போல இருந்தது. வாசம்தான் வேறு உலகம்: காய்ந்த ரோசா, அதிமதுரம், ஈர மண்.

அப்போது ஒன்று தோன்றியது. தேறல் என்பது தேறுவதிலிருந்து வந்த சொல்தானே? தேறுவது என்றால் தெளிவது. கலங்கிய தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டையை உரைத்து விடுவார்கள் என்று அம்மம்மா சொல்வார். போத்தலுக்குள் நடப்பது அதுதான். மண்டி இறங்குகிறது, கரடு போகிறது, வைன் தேறுகிறது. நோயில் விழுந்தவரும் தேறுகிறார், சோதனை எழுதின பிள்ளையும் தேறுகிறது. ‘அஃபினமெந்தோ’வுக்குத் ‘தேற்றம்’ என்று போடலாமா?

பிறகு இன்னொரு சிக்கல். பரோலோவின் வாசத்தை இங்கே எல்லோரும் ‘கத்ராமே, ரோசா’ என்பார்கள். ரோசா சரி. கத்ராமே என்றால் தார், ரோட்டுக்குப் போடுகிறது. ‘தாரும் ரோசாவும்’ என்று எழுதினால்?

தூத்துக்குடியிலிருந்து, வெள்ளி இரவு

கல்யாண மண்டபம் போல இருக்கும். தார் என்றால் மாலை. புலவர் ஐயா சந்தோஷப்படுவார்.

தேற்றம் என்றதும் எனக்குப் பைதகரஸ் வந்து நின்றார். கணக்கில் தோற்றவன் நான், வைனிலாவது விட்டுவிடுங்கள்.

தஞ்சையிலிருந்து, சனி காலை

தாருக்குக் ‘கீல்’ என்பது பழஞ்சொல். ஓடத்துக்குப் பூசுவது. ‘கீலும் ரோசாவும்’ என்க.

மகளின் ‘தேறுதல்’ விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீப்பாயில் கிடப்பது நாட்படுத்தல்தான். முதிர்வு என்பது வங்கியில் வைப்புத்தொகைக்கு வருவது.

சூரிச்சிலிருந்து, சனி மதியம்

இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும் செய்தேன். அந்த நிலவறைக்கு வருகிற ஆட்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

என் மாமா சுவிஸுக்கு வந்து முப்பது வருடம். வைனை வைன் என்றுதான் சொல்வார். தேறல் என்று தாளில் இருந்தால், இது என்ன புதுச் சாமான் என்று என்னைக் கேட்பார். கீல் என்றால் அவருக்குக் கதவுக் கீல். பீப்பாய் விளங்கும், துவர்ப்பு விளங்கும். ‘துவரி’ என்றால் பருப்பா என்று கேட்பார்.

சென்னையிலிருந்து, சனி மாலை

சூரிச் தம்பி சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். ஒரு சொல்லைப் புரியவைக்க அடிக்குறிப்பு போட வேண்டியிருந்தால், அந்த ஒரு பக்கத் தாள் இரண்டு பக்கமாகிவிடும். ‘துவர்ப்பி’யைப் பாடப்புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருப்பார்.

நாகர்கோவிலிலிருந்து, சனி இரவு

பாடப்புத்தகத்தில் வரட்டும் என்றுதான் இருபது வருடமாக எல்லாச் சொல்லுக்கும் சொல்கிறோம்.

அல்பாவிலிருந்து, ஞாயிறு இரவு

முடித்துவிட்டேன். யாரும் கோபிக்கக் கூடாது.

தலைப்பில் ‘வைன்’. பீப்பாயில் இருக்கும் காலம் ‘முதிர்வு’. போத்தலில் கிடப்பது ‘தேறுதல்’. தேற்றம் என்று போட அம்மாவும் ஒப்பவில்லை. வாயில் தெரிவது ‘துவர்ப்பு’, அதைத் தரும் பொருள் ‘டானின்’. தாரை ‘ரோட்டுத் தார்’ என்றே எழுதிவிட்டேன். அழகில்லை, ஆனால் ஒரு முறை முகர்ந்தவருக்கு விளங்கும். பீப்பாய் பீப்பாய்தான்.

இந்தச் சண்டையை முதலாளியிடம் சொன்னேன். ‘இது சின்னது’ என்றார். 1980களில் இங்கே பெரிய பழைய பீப்பாயா, 225 லிட்டர் பிரெஞ்சுச் சிறு பீப்பாயான ‘பாரிக்’கா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றதாம். இங்கே வைன் செய்கிற எலியோ அல்தாரே 1983இல் தன் அப்பாவின் பழைய பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்துப் போட்டார். அப்பா அவருக்குச் சொத்து எழுதி வைக்கவில்லை. மறுபக்கம் இன்னொரு வைன்காரர் பர்தோலோ மஸ்கரெல்லோ ‘பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ (பெர்லுஸ்கோனி இத்தாலிய அரசியல்வாதி) என்று கையால் வரைந்து போத்தலில் ஒட்டினார். நம் குழுவில் இன்னும் யாரும் வாளைத் தூக்கவில்லை.

தஞ்சையிலிருந்து, ஞாயிறு இரவு

நன்று. ஆனாலும் அல்தாரே பக்கம் சாய்ந்துவிட்டாய் மகளே. ‘நாட்படுத்தல்’ இல்லாத தாளை நான் ஏற்கவில்லை என்று பதிவு செய்துகொள்ளவும். ஒரு படி அஞ்சலில் அனுப்பு, பிழை திருத்தித் தருகிறேன்.

மட்டுறுத்துநர், திங்கள் காலை

பெரும்பான்மை தெளிவாக இருப்பதால் இழையை மூடுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து, திங்கள் காலை

மூடுவதற்கு முன் ஒன்றே ஒன்று. துவரம்பருப்பின் தோலும் செந்நிறம்தானே? அப்படியென்றால் புலவர் ஐயா சொன்ன துவரை...