பழைய செய்யுளிலிருந்து இன்றைய கவிதை வரை: எந்தத் தொகுப்பில் தொடங்குவது?

அக்கராயன் வாசகி எழுதியது:

வணக்கம். சாதாரண தரத்தில் தமிழ் இலக்கிய நயம் படித்தபோது பரீட்சைக்கு வந்த செய்யுள்களுக்கு அப்பால் நான் கவிதை வாசித்ததில்லை. வீட்டிலிருந்த நூல்களும் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. இப்போது பழைய இலக்கியம் முதல் இன்று வன்னியிலிருந்து எழுதுகிறவர்கள் வரை முறையாக வாசிக்க விரும்புகிறேன். சங்கத்திலிருந்து காலவரிசையில் வருவதா, இக்காலக் கவிதையிலிருந்து பின்னோக்கிச் செல்வதா? கலிங்கத்துப்பரணியை இரவல் எடுத்து வந்தேன். ஓசை இழுத்தது, பொருள் பிடிபடவில்லை, நூலின் தொடக்கப் பகுதியான கடைதிறப்பிலேயே நின்றுவிட்டேன். கிளிநொச்சிக் கடைகளில் கவிதை நூல்கள் அரிதாகவே கிடைப்பதால், எங்கே தேடலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வவுனியா நூற்பித்தன்:

சகோதரி, காலவரிசை பாடத்திட்டத்துக்குத்தான் பொருந்தும். தனியொருவரின் நூலைக் காட்டிலும் தொகை நூலில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பல குரல்களைக் கேட்ட பிறகுதான் நமக்கு உவப்பான குரல் எதுவென்று தெரியும். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அமைந்தவை. உரையுடன் ஓர் இரவுக்கு ஒன்று போதும். ஈழத்துப் பூதந்தேவனார் பெயரில் அதில் 189, 343, 360 ஆகிய மூன்று பாடல்கள் உள்ளன. அவற்றை வாசித்தபின் அதே புலவரை நற்றிணையிலும் (366) அகநானூற்றிலும் (88, 231, 307) தேடிச் செல்லுங்கள். ஒரு புலவரைத் தொடர்ந்து போகையில் மூன்று தொகைகளும் தாமாகவே அறிமுகமாகிவிடும்.

இக்காலத்துக்கும் இதே வழிதான். எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்து 1984இல் வெளிவந்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’, அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’, பெண்களின் கவிதைகளை மட்டும் கொண்டு 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியான ‘சொல்லாத சேதிகள்’ ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தால், ஈழத்துக் கவிஞர் ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தியின் நிதானமான யாப்பிலிருந்து சிவரமணியின் இறுகிய வரிகள் வரை கவிதை மொழி எவ்வாறு மாறியது என்பது விளங்கும். இடைக்காலத்துக்கு முத்தொள்ளாயிரத்தைச் சொல்வேன். முழு நூல் அழிந்துவிட்டது. புறத்திரட்டு என்ற பழைய தொகை நூலைத் தொகுத்தவர் எடுத்து வைத்ததனால்தான் நூற்றுச் சொச்சம் வெண்பாக்களாவது எஞ்சின.

முள்ளியவளை ஆசிரியை:

மேலே எழுதிய ஐயாவுடன் பாதி உடன்படுகிறேன். தொகை நல்ல வாயில்தான். ஆனால் கலிங்கத்துப்பரணியைக் கைவிட வேண்டாம், தங்கச்சி. அதை முதற் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ‘களம் பாடியது’ பகுதிக்கு நேரே செல்லுங்கள். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைக் கொண்டாடவே சயங்கொண்டார் இதைப் பாடினார் என்பதையும், பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடும் நகைச்சுவை வென்றவர் பக்கத்து நகைச்சுவை என்பதையும் நாம் மறக்கத் தேவையில்லை. எனக்கு அந்தப் பகுதி இன்றும் உவப்பானதல்ல. ஆனால் அதற்குள்ளேயே, களத்தில் கணவனின் உடலைத் தேடும் ஒருத்தி வருகிறாள்:

“பொருதடக்கை வாளெங்கே மணிமார் பெங்கே
போர்முகத்தில் எவர்வரினும் புறங்கொ டாத
பருவயிரத் தோளெங்கே எங்கே யென்று
பயிரவியைக் கேட்பாளைக் காண்மின் காண்மின்”

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தை அறிந்த நமக்கு, இந்த ‘எங்கே’ எந்த உரையாசிரியரின் துணையுமின்றி விளங்கும். இதன் பக்கத்தில், தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலை (112) வையுங்கள். பிறகு பா. அகிலனின் ‘பதுங்குகுழி நாட்கள்’, கிளிநொச்சிக் கவிஞர் தீபச்செல்வனின் ‘பதுங்குகுழியில் பிறந்த குழந்தை’ என்று வாருங்கள். காலத்தால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் விலகி நிற்கும் நூல்கள் பொருளால் நெருங்கி நிற்பதைக் காண்பீர்கள். என் வகுப்பிலும் இவ்வாறு பொருள்வழி வாசிக்கும்போதுதான் பிள்ளைகள் பழம்பாட்டுக்குப் பயப்படுவதில்லை.

இன்னொன்று: வன்னியின் ஒப்பாரிகளும் பள்ளுகளும் அரிவுவெட்டு (நெல் அறுவடை)ப் பாடல்களும் கவிதைதான். முதியவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதி வைப்பது, அச்சில் கிடைப்பதை வாசிப்பதைக் காட்டிலும் அவசரமான வேலை.

மன்னார் வாசகன்:

நூல்கள் கிடைக்குமிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழந்தமிழ் நூல்களின் மூலங்கள் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாக உள்ளன. ஆனால் உரையில்லாத மூலத்தோடு தொடங்கினால் பரணியில் நேர்ந்ததே மறுபடியும் நேரும். ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. மறுபதிப்புக் காணாத பல தொகுப்புகளை அங்கே முழுமையாக வாசிக்கலாம். பக்கங்கள் கனமானவை என்பதால் கைபேசியைவிடக் கணினி வசதி.

இன்று இங்கே எழுதுகிறவர்களின் நூல்களைப் பொறுத்தவரை கடையை நம்ப வேண்டாம். குறைந்த பிரதிகளே அச்சாகின்றன, அவற்றிலும் பெரும்பகுதி வெளியீட்டு விழாவிலேயே தீர்ந்துவிடுகின்றன. ஆகவே விழாவுக்கே போய் வாங்குங்கள். தவறினால் கவிஞரிடமே கேளுங்கள், கேட்டால் மகிழ்வார்கள்.

பக்தி இலக்கியத்தை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் மன்னாரிலுள்ள சிவத்தலமான திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் ஆளுக்கொரு பதிகம் பாடியிருக்கிறார்கள். அவற்றை வாசிக்கும் முன் ஓதக் கேளுங்கள்.

அக்கராயன் வாசகி:

மூவருக்கும் நன்றி. பரணியைத் திருப்பிக் கொடுக்கும் தவணை நெருங்குகிறது; களம் பாடியதை முதலில் முடிக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஏற்ற எளிய உரையுடன் கூடிய குறுந்தொகைப் பதிப்பு எது என்று ஆசிரியை அம்மா சொல்ல முடியுமா?