கேம்பர் டிரெய்லரின் முன்மூலையில் ஒழுகல்: சீலிங் டேப் ஒட்டினால் போதுமா?

சக்கரவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 14 ஆண்டுப் பழைய, 6 மீட்டர் நீளமுள்ள கேம்பர் டிரெய்லர் (காரில் பூட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றை, வேறொருவர் பயன்படுத்திய நிலையில், சென்ற ஆண்டு வாங்கினோம். பக்கச்சுவர்கள் அலுமினியத் தகட்டாலானவை, கூரையில் இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் விரிக்கப்பட்டிருக்கிறது, உள்ளே மரச்சட்டங்களும் அவற்றின்மேல் மெல்லிய பிளைவுட்டும் உள்ளன. அண்மையில் பெய்த இரண்டு மழைகளுக்குப் பிறகு, முன்பக்கப் படுக்கைக்கு மேலே இடது மூலையில் ஒரு பழுப்பு வளையம் தெரியத் தொடங்கியது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால், பலகை ஊறிய அட்டையைப் போல உள்வாங்குகிறது.

எனக்கு விளங்காத செய்தி ஒன்று உண்டு. மழை பெய்து கொண்டிருக்கும்போது ஒரு சொட்டுகூட விழுவதில்லை. மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் சொட்டத் தொடங்குகிறது. காரில் பூட்டி இழுக்கும்போது முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தால், ஒரு கோப்பை அளவுத் தண்ணீர் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். முன்சுவரும் கூரையும் சேரும் இடத்தை மூடியிருக்கும் அலுமினிய மூலைப்பட்டையின் இரு ஓரங்களிலும் முந்தைய உரிமையாளர் சிலிக்கானை விரல் தடிமனுக்குப் பூசியிருக்கிறார். சில இடங்களில் அது வெயிலில் காய்ந்த தோலைப் போல எழும்பி நிற்கிறது. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள, நீர் புகாமல் மூட்டை அடைக்கக் கூரைக்கென்றே விற்கப்படும் சீலிங் டேப் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தச் சிலிக்கானின் மேலேயே அதை ஒட்டிவிடலாமா? ஒட்டிய பிறகு ஓரங்களில் வேறு ஏதேனும் பூச வேண்டுமா? இதைச் செய்தால் ஒழுகல் தீர்ந்துவிடும் என்று நம்பலாமா?

ஏணிக்காரர் எழுதியது:

சிலிக்கானின் மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள். காய்ந்த சிலிக்கானின் மேல் டேப், பெயின்ட், வேறு சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) என எதுவும் பிடிக்காது. புதிய சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது. ஒட்டிய அன்று உறுதியாகத் தோன்றும், நான்கு வெயிலும் ஒரு மழையும் பட்டால் ஓரம் எழும்பிவிடும். அதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். ரப்பர் கூரை கிழிந்துவிடும் என்பதால் இரும்புக் கத்தியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் சுரண்டியைப் பயன்படுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சிலிக்கான் படலம் எஞ்சி நிற்கும். பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்க்கிங் டேப்பை ஒரு துண்டு ஒட்டி இழுத்துப் பாருங்கள். அது எந்த இடத்தில் பிடிமானமே இல்லாமல் கழன்று வருகிறதோ, அங்கே இன்னும் சிலிக்கான் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தண்ணீர் அந்த மூட்டின் வழியாகத்தான் வருகிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கறை தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. நுழைந்த நீர் மரச்சட்டத்தின் மேல் ஓடி, வயர் செல்லும் துளையில் இறங்கி, தாழ்ந்த இடம் கிடைத்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். மழை விட்ட பிறகு சொட்டுவதற்குக் காரணமும் இதுவே. சுவருக்குள் இருக்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சு முதலில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அது நிறைந்த பிறகுதான் மெல்ல விடுகிறது. வண்டி சாய்ந்தவுடன் கோப்பையளவு நீர் கொட்டுகிறது என்றால், உள்ளே எங்கோ ஒரு சட்டம் தொட்டியைப் போல அதைத் தேக்கி வைத்திருக்கிறது என்று பொருள்.

தோட்டக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்காரட்டும். வேகமாகப் பீய்ச்சாமல், மழை பெய்வது போல மெல்ல விடுங்கள். கீழிருந்து தொடங்க வேண்டும்: முதலில் முன்பக்க ஜன்னலின் அடி ஓரம், அடுத்து அதன் மேல் ஓரம், பிறகு கூரையோர அடையாள விளக்குகள், வெயில்மறைப்புத் துணியின் பட்டையில் உள்ள திருகுகள், கடைசியாகத்தான் கூரை மூட்டு. ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது கால் மணி நேரம் கொடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, சோதனையே வீணாகிவிடும்.

குழாயில் பிடிபடாத மிக நுண்ணிய இடைவெளிகளுக்கு இன்னொரு வழி உண்டு. எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டு, கூரைக் காற்றோட்ட வழியில் ஒரு மின்விசிறியைப் பொருத்திக் காற்றை உள்நோக்கிச் செலுத்துங்கள். வெளியே மூட்டுகளில் சோப்பு நீரைத் தெளித்தால், ஓட்டை உள்ள இடம் குமிழி விட்டுத் தன்னைக் காட்டிக் கொடுக்கும். கேஸ் அடுப்பும் ஹீட்டரும் அணைந்திருக்கின்றனவா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஜன்னல் சட்டத்தின் அடியில் சிறு பிளவுகள் தெரிந்தால் அவற்றை டேப்பால் மூடிவிடாதீர்கள். சட்டத்துக்குள் சேரும் நீர் வெளியேறுவதற்காகவே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அடைத்தால் அந்த நீர் அறைக்குள் வரும். இதைச் செய்துவிட்டு, புதிய ஒழுகல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரம் தேடியவர்களில் நானும் ஒருவன்.

ரோலர்கை எழுதியது:

ஏணிக்காரர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இடம் உறுதியான பிறகு டேப்பை எப்படி ஒட்டுவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான டேப்புகள் தோற்பது அவற்றின் தரத்தால் அன்று, ஒட்டிய முறையால்.

என் முதல் முயற்சி குளிரான ஒரு காலையில் நடந்தது. கையால் தடவிப் பார்த்தபோது தகடு உலர்ந்திருந்தது போலத்தான் இருந்தது. ஆனால் இரவுப் பனியின் ஈரம் அதன்மேல் படிந்திருந்ததை நான் உணரவில்லை. அடுத்த மாதமே இரண்டு மீட்டர் நீளத்துக்கு டேப் மொத்தமாகக் கையோடு வந்தது. அதன் பசைப் பக்கம் புத்தம் புதிது போல மின்னியது, அதாவது அது தகட்டை ஒரு கணம்கூடப் பிடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு தகடு 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்திருக்கும் நாளில் நான் இந்த வேலையைத் தொடுவதில்லை. இத்தகைய டேப்பில் உள்ள பியூட்டைல் வகைப் பசை (பிசுபிசுப்பான செயற்கை ரப்பர்) குளிரில் விறைத்துவிடும். மேற்பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் இறங்காது.

உங்கள் கூரை இ.பி.டி.எம். என்பதால் ஒரு சிறப்புக் கவனம் தேவை. அந்த ரப்பர் வயதாக ஆக வெள்ளைப் பொடியாக உதிரும். விரலை இழுத்துப் பாருங்கள், சுண்ணாம்பைத் தொட்டது போல வரும். அதன்மேல் ஒட்டினால் டேப் பொடியில்தான் ஒட்டும், கூரையில் ஒட்டாது. சோப்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு, கழுவும் நீர் தெளிவாகும் வரை தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பின், பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஒருமுறை துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் அருகிலேயே வரக் கூடாது. பெட்ரோலியக் கரைப்பான்கள் பட்டால் இ.பி.டி.எம். ஊதிப் பொருமிவிடும். இதே காரணத்தால் தார் கலந்த பசையுள்ள கட்டட டேப்புகளையும் இந்தக் கூரையில் ஒட்டக் கூடாது. நீங்கள் வாங்கிய சுருளின் மேலுறையில் இ.பி.டி.எம். என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒட்டும்போது மூட்டின் இரு பக்கமும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர் கிடைக்குமாறு பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்தாளை முழுவதும் ஒரே நேரத்தில் உரிக்க வேண்டாம்; ஒரு சாண் உரித்து, படியவைத்து, அடுத்த சாணுக்குப் போங்கள். இந்தப் பசை தொட்ட இடத்தை விடாது. தவறாக வைத்துவிட்டால் இழுத்துச் சரி செய்யும் வாய்ப்பே இல்லை. டேப்பை நீட்டி இழுத்தும் ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டிய டேப் தன் பழைய நீளத்துக்குத் திரும்பவே முயன்று கொண்டிருக்கும். அந்த முயற்சியில் முனைகள் கிளம்பும். ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் தேவைப்பட்டால், ஓடு வேய்வது போலத் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் ஏறுமாறு ஒட்டுங்கள். வெட்டிய முனைகளின் கூர்மூலைகளைக் கத்தரிக்கோலால் வளைத்துவிடுங்கள். கூர்மூலையில்தான் உரிதல் தொடங்கும்.

கடைசியாக ரோலர். இது அழுத்தத்தால் பிடிக்கும் பசை. கையால் தேய்ப்பது போதாது. சிறிய ரப்பர் ரோலரால் நடுவிலிருந்து ஓரங்களுக்கு உருட்டுங்கள். ஒரு திருகுத் தலையோ, பட்டை எழும்பும் படியோ வரும் இடத்தில் டேப் கூடாரம் போல நின்றுவிடும்; அந்த வெற்றிடம் ஓரம் வரை நீண்டால் அதுவே நீருக்கு வாய்க்கால். அங்கெல்லாம் ரோலரின் விளிம்பாலோ மரக்கட்டையின் மழுங்கிய முனையாலோ படியின் அடிவரை அழுத்தி இறக்குங்கள்.

ஓரங்களில் பூச்சு தேவையா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக ஒட்டிய டேப்புக்குக் கட்டாயம் இல்லை. முனைகளிலும் துண்டுகள் ஏறும் இடங்களிலும் மட்டும் லேப் சீலன்ட், அதாவது கூரையில் டேப் ஓரங்களை மூடும் பசை, வைப்பேன். தானாகப் பரவும் வகை சமதளக் கூரைக்கு மட்டுமே. செங்குத்தான முன்சுவரில் அதை வைத்தால் வழிந்து ஓடிவிடும், அங்கே வழியாத வகையை வாங்குங்கள்.

தச்சுவேலை எழுதியது:

மேலே உள்ள இருவரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் மூலைப்பட்டையின் மேல் டேப் ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. அந்தப் பட்டைக்கு அடியில் தொழிற்சாலையில் வைத்த பட்டி (இடைவெளியை அடைக்கும் களிமண் போன்ற பசை) 14 ஆண்டுகளில் காய்ந்து வெடித்திருக்கும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறத்தாழ 0.023 மில்லிமீட்டர் நீளும். உங்கள் 6 மீட்டர் வண்டியில், விடியற்காலைக்கும் வெயில் நேரத்துக்கும் தகட்டின் வெப்பம் 40 டிகிரி மாறினால், ஐந்தரை மில்லிமீட்டர் அசைவு. இறுகிப்போன பட்டி இந்த அசைவைத் தாங்காது.

முறையான வேலை என்பது பட்டையைக் கழற்றி, பழையதைச் சுத்தமாக நீக்கி, அடியில் இருபுறமும் ஒட்டும் புதிய பியூட்டைல் டேப்பை வைத்து மீண்டும் திருகுவதுதான். பியூட்டைல் இறுகாமல் நெகிழ்வாகவே இருக்கும். திருகுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், ஓரங்களில் பசை பிதுங்கும் வரை இறுக்கி விட்டுவிட்டு, ஓரிரு நாள் கழித்து மீண்டும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். கட்டாயம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கிவிடலாம். கழற்றும்போது துருப்பிடித்து இளைத்த திருகு எது வந்தாலும், அது நீர் போன வழியைச் சொல்லும் சாட்சி. அதை எறிந்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் திருகைப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகை உள்வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே எதை ஒட்டினாலும், உள்ளே அந்தப் பலகையைத் திறந்து, ஊறிய பஞ்சை வெளியே எடுத்து, சட்டத்தை உலர்த்த வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும் வரை மூடாதீர்கள். ஊசி முனை கொண்ட ஈரமானியை நேராகச் சட்டத்தில் குத்திப் பாருங்கள். ஈரத்தோடு டேப்பால் மூடினால் வெளியே ஒழுகல் நின்றதாகத் தெரியும், உள்ளே மரம் இற்றுக் கொண்டே இருக்கும்.

ரோலர்கை எழுதியது:

தச்சுவேலை ஐயா சொல்வது வீட்டில் கூரையுள்ள நிறுத்துமிடமும் இரண்டு வார விடுமுறையும் உள்ளவருக்குப் பொருந்தும். கழற்றிய பட்டை வளைந்துபோய், வானம் இருட்டிக் கொண்டு வரும்போது அதை எதிர்கொள்ள எனக்குத் துணிவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: டேப்பை ஒட்டிய பிறகு அந்தப் பட்டையைக் கழற்ற வேண்டி வந்தால், சூடு காட்டிச் சுரண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எனவே ஐயாவின் வழியை எப்போதேனும் செய்வதாக இருந்தால், டேப்புக்கு முன்பே செய்துவிடுங்கள்.

சக்கரவீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றுக் குழாய்ச் சோதனையை முடித்தேன். ஜன்னலின் கீழும் மேலும் கால் மணி நேரம் விட்டும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. இடது மூலை அடையாள விளக்குக்கு வந்தபோது, ஒன்பதாவது நிமிடத்தில் உள்ளேயிருந்து என் மனைவி தட்டினார். விளக்கின் மூடியைக் கழற்றினால் அரைவாசிக்குத் தண்ணீர் நிற்கிறது. அதன் பின்னால் இருந்த நுரை வளையம் விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. வயர் செல்லும் துளை நேராகச் சுவருக்குள் திறந்து கிடக்கிறது. உள்ளே போன நீர் அந்த வயரையே பிடித்துக் கொண்டு இறங்கியிருக்கிறது. முந்தைய உரிமையாளர் சிலிக்கான் பூசிய கூரை மூட்டில் முக்கால் மணி நேரம் விட்டும் புதிதாக எதுவும் சேரவில்லை.

விளக்கின் பின்னால் பியூட்டைல் டேப்பை வளையமாக வைத்து மீண்டும் பொருத்தலாம் என்றிருக்கிறேன். உள்பலகையை 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டித் திறந்துவிட்டேன். ஒரு சட்டத்தின் அடி முனை மட்டும் இற்றிருக்கிறது. ஈரமானி 31 விழுக்காடு காட்டுகிறது. மின்விசிறி ஓடிக் கொண்டிருக்கிறது. வாங்கிய டேப் சுருளை இப்போது என்ன செய்வது?

ஏணிக்காரர் எழுதியது:

சுருள் பிரிக்கப்படாமல் இருந்தால் வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் நடுவே மரக்கிளை கூரை ரப்பரைக் கிழித்தால், அந்த நேரத்தில் அதைவிட உதவும் பொருள் வேறில்லை. விளக்குக்கு நீங்கள் நினைத்த முறையே சரி. வளையத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு இடைவெளி விடுங்கள், உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழி வேண்டும். வயர் துளையைத் தனியாக ஓர் உருண்டை பியூட்டைலால் அடைத்துவிடுங்கள். வலது மூலை விளக்கும் அதே வயதுடையது, அதையும் இன்றே கழற்றிப் பாருங்கள்.