கார் இல்லாமல் தென் ஸ்பெயின் சுற்ற முடியுமா?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீசியஸ்):
அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்கோ வலப்பக்கம் கார் ஓட்டப் பயம். செவில், கோர்டோபா, கிரனாடா மூன்றையும் ரயிலிலும் பஸ்ஸிலும் பார்த்துவிடலாமா?

காத்ர் போர்ன் அண்ணன்:
தாராளமாக, தங்கச்சி. செவிலிலிருந்து கோர்டோபாவுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அங்கே மெஸ்கீத்தாவுக்கு (பழைய பெரிய மசூதி, இப்போது தேவாலயம்) திங்கள் முதல் சனி வரை காலை 8.30க்குப் போனால் கட்டணமில்லை. சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் வளைவுகள், தூணுக்குத் தூண் வேறு நிறக் கல். அம்மா நிதானமாகப் பார்க்கட்டும்.

போர்ட் லூயிஸ் அக்கா:
கிரனாடாவில் மேடேற வேண்டாம், அம்மா பாவம். இசபெல் லா கத்தோலிக்கா சதுக்கத்தில் சி30 பஸ் பிடியுங்கள், மலைமேல் இருக்கும் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனைக்கே போகிறது. அதற்குள் இருக்கும் நாஸ்ரித் அரண்மனைக்கு டிக்கெட்டில் குறித்த நேரம் தவறினால் விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டும் கையிலிருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி அக்கா, இன்றே டிக்கெட் பார்க்கிறேன்.