துவக்கில் வெடித்த தோட்டாவின் வெறுங்கோது இறுகிவிடுகிறது, உதவி தேவை

அனுமதிப்பத்திரம் உள்ள ஒற்றைக்குழல் 12 போர் (குழல் விட்ட அளவு) துவக்கு, ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது. இடம் வவுனியா நெடுங்கேணிப் பக்கம், குளத்துக்குக் கீழே வயல். காலபோக (மாரிகால) நெல் விதைப்பில் பன்றி விரட்டத்தான் எடுப்பேன். குளத்தில் இறங்கும் தாராக்களைச் சுடுவதில்லை, அவை இருக்கட்டும்.

கார்த்திகை மழையில் ஒரு இரவு முழுக்க நனைந்தது. துடைக்காமல் உறையிலேயே வைத்துவிட்டேன், என் பிழைதான். இரண்டு கிழமை கழித்து வெடித்தால், கோது வெளியே வரவில்லை. இழுக்கும் கொக்கி விளிம்பைத் தாண்டி வழுக்குகிறது. வாய்ப்பக்கத்தால் தடி விட்டுத் தள்ளித்தான் எடுத்தேன். வெடிக்காத தோட்டா மட்டும் சுலபமாகப் போய் வருகிறது.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, வெண்கலத் தூரிகையால் தேய்த்து, துவக்கு எண்ணெயும் பூசினேன். வேறு பெட்டித் தோட்டாவும் போட்டுப் பார்த்தாயிற்று. குழாயில் 70 என்று முத்திரை, தோட்டாவும் 70 மி.மீ. தான். டோர்ச் அடித்துப் பார்த்தால் தோட்டா இருக்கும் அறையில் துருக் குழிகள். வெடிக்கும்போது கோது விரிந்து அதில் பிடித்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். மணல்தாள் போடச் சொன்னார்கள். அறை பெருத்துவிடும் என்று தொடவில்லை. இப்போது வெடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக் குழி விழுந்த அறையைத் திருத்திப் பாதுகாப்பாகப் பாவிக்கலாமா, அல்லது குழாயையே மாற்ற வேண்டுமா?