புதுப்பிப்பு: முதலில் கடனா, ஆர்டரா? (துணிப்பை தையல் தொழில்)

கடன் வாங்கி இரண்டாவது தையல் மெஷின் போட்டுவிட்டுத் துணிப்பை தொழிலைத் தொடங்கலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடன் வாங்கவில்லை. "முதலில் முன்பணம் வாங்கிப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பை நன்றாக இருக்கிறது என்று பாராட்டிய 18 பேரில் முன்பணம் தந்தவர்கள் 7 பேர். அந்த ஆர்டர்களைப் பழைய மெஷினிலேயே முடித்தேன்.

எதிர்பாராதது நேரக் கணக்கு. இன்னொருவர் சொன்னபடி ஒவ்வொரு பைக்கும் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். தைக்க 20 நிமிடம்தான். துணி வெட்ட, நூல் பிசிறு நறுக்க, இஸ்திரி போட, கட்டிக் கொடுக்க இன்னும் 35 நிமிடம்! இரண்டாவது மெஷின் இருந்தாலும் அந்த 35 நிமிடம் குறைந்திருக்காது. அதற்கான கூலி என் விலையில் சேரவே இல்லை.

சரி என்று விலையைக் கால் பங்கு உயர்த்தினேன். இரண்டு பேர் விலகினார்கள், அப்புறம் புதிதாக நான்கு பேர் வந்தார்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று.

மாத நிலைச் செலவை (பை விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு), ஒரு பையில் மிஞ்சும் தொகையால் வகுத்துப் பார்த்தேன்: 40 பை விற்றால் கையைக் கடிக்காது. போன மாதம் 31 விற்றது.