மில் தண்ணிக்கு ஒட்சிசன் பிரிக்கிற மெம்பிரேன் சரிவருமோ?

பரந்தன் மில்:
வணக்கம். எங்கட புழுங்கல் மில்லில நெல் ஊறவைச்ச தண்ணியை ஒரு தொட்டியில விட்டு புளோவரால காத்தடிக்கிறம், தொட்டி அஞ்சடிதான் ஆழம். அறுவடை நேரம் இரவு பகலா ஓடுறதில கரண்ட் பில் தாங்கேலாமக் கிடக்கு, அப்பிடி இருந்தும் விடியக்காலமை புளிச்ச மணம் றோட்டு வரைக்கும் வருது, பக்கத்து வீட்டுச் சனம் பாவம். காத்தில இருந்து நைதரசனைக் கழிச்சு ஒட்சிசன் கூடின காத்தைத் தாற மெம்பிரேன், வடிகட்டுற மெல்லிய சவ்வு மாதிரி ஒண்டு, இருக்காம், அதைப் பூட்டச் சொல்லி ஒராள் சொன்னார். காசு போடலாமோ?

கிளி பொறியியல்:
அண்ணை, அவசரப்பட்டு வாங்காதேங்கோ. காத்தில 21 வீதம் ஒட்சிசன், மெம்பிரேன் அதை 30, 40 வீதத்துக்குக் கொண்டு வரும், அது உண்மை. எங்கட வெக்கையில, 30 பாகையில சாதாரண காத்திலயிருந்து லீட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கரையும், 40 வீதமெண்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனபடியா கேக்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா குமிழி மேல வாறதுக்குள்ள கரையவேணுமே, நல்ல தண்ணியிலயே சின்னக் குமிழியில ஒரு மீற்றர் ஆழத்துக்கு 5, 6 வீதம்தான் கரையும், உங்கட அஞ்சடியில பத்தில ஒண்டும் தேறாது. காசு குடுத்துப் பிரிச்ச ஒட்சிசனும் அப்பிடியே மேலால போயிடும், கொம்பிறசர் ஓட்டுற கரண்ட் வேற.

நான் விரும்புறது மெம்பிரேனைப் பாவிக்கிற இன்னொரு முறையை. நூல் தடிப்பில உள்ளுக்கு ஓட்டையான மெம்பிரேன் குழாய்களைக் கட்டாக் கட்டி தண்ணிக்குள்ளயே இறக்கிறது. காத்து உள்ளால போகும், குமிழியே வராது, ஒட்சிசன் சுவரால கசிஞ்சு வெளியில ஒட்டி வளர்ற பக்டீரியாக்கு நேர போகும். குழாயை ஒட்டின பக்டீரியாப் படை தண்ணியில உள்ள அமோனியாவை நைத்திரேற்றாக்கும், ஒட்சிசன் எட்டாத வெளிப்படை அதை நைதரசன் வாயுவாக்கி விட்டிடும்.

வவுனியாக்காரி:
தம்பி சொன்னது சரி, ஆனா ஊறல் தண்ணியில பெரிய பிரச்சினை அமோனியா இல்லை, கரைஞ்ச சீனியும் மாப்பொருளும். நேர இறக்கினா பக்டீரியாப் படை தடிச்சு குழாய் இடுக்கெல்லாம் அடைபட்டிடும். முதல்ல மூடின தொட்டியில காத்துப் படாம வைச்சு, சுண்ணாம்பால புளிப்பைச் சரிப்படுத்தி அழுக்குப் பாரத்தைக் குறையுங்கோ அண்ணை, அதில வாற மீதேன் வாயுவை அடுப்புக்கு எடுக்கலாம். வாய்க்காலுக்கு விடுறதெண்டா பீஓடி, அதாவது தண்ணியில உள்ள அழுக்கைத் தின்ன பக்டீரியாக்குத் தேவைப்படுற ஒட்சிசன் அளவு, லீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, தம்பி சொன்ன மெம்பிரேன் குழாய் அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் உதவும்.

பரந்தன் மில்:
விளங்குது பிள்ளை. எங்கட கிணத்துத் தண்ணி கேத்தில் அடியில வெள்ளையாப் படியிற தண்ணி, குழாயிலயும் படியுமோ?

கிளி பொறியியல்:
படியும் அண்ணை, இடைக்கிடை மெல்லிய அமிலத்தால கழுவவேணும். குழாய்க்குள்ளயும் ஈரம் ஒடுங்கித் தண்ணி தேங்கும், அதை வடிக்க வழி வைச்சிருக்கோ எண்டு கேட்டு வாங்குங்கோ. தொட்டியை ஆழமாக்கினாலே இப்ப அடிக்கிற காத்திலயிருந்தே கூடுதலா ஒட்சிசன் கரையும், ஆனா உங்கட புளோவர் அந்த ஆழத்துக்குத் தள்ளுமோ எண்டு பாக்கவேணும். ஊறல் தண்ணி ஒரு போத்தலில பிடிச்சுக்கொண்டு கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துப் பக்கம் ஒருக்கா போய்க் கதையுங்கோ, பீஓடி தெரியாம ஒருத்தரிட்டயும் விலை கேக்காதேங்கோ.