டேப் இல்லாத மிரர்: 3ஏ ரிவர்ஸில் உங்களுக்கு நடந்தது என்ன?

பக்கமிரர்

இங்கே பிரிட்டனில் ரிஜிட் லாரிக்கான கிளாஸ் 2 லைசென்ஸ் வாங்கி வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் 3ஏ, அதாவது யார்டுக்குள் நடக்கிற ரிவர்ஸ் டெஸ்ட், அன்று காலை நடந்தது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பயிற்சி முழுக்க ஒரே லாரி. ஓட்டுநர் பக்க மிரரில் விரல்நுனி அளவுக்கு ஒரு சிவப்பு டேப். மிரரில் பி எனப்படும் கோன் அந்த டேப்பைத் தொட்டதும் ஸ்டீரிங்கை முழுசாக ஒடி, கோன் டேப்பைத் தாண்டியதும் நேராக்கு. பாடம் அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று கேட்டால், "டேப்பைப் பாருங்க, போதும்" என்பார் இன்ஸ்ட்ரக்டர். அது வேலையும் செய்தது. யார்டில் ஒவ்வொரு தடவையும் வண்டி பேவுக்குள், கோடு போட்ட அந்தக் கட்டத்துக்குள், ஒழுங்காகப் போய் உட்காரும்.

டெஸ்ட் அன்று காலை அந்த லாரியில் பிரேக்குக்கு ஏர் ஏறவில்லை. பஸர் கத்திக்கொண்டே இருந்தது, முள் அசையவில்லை. இன்னொரு யார்டிலிருந்து வேறு லாரி வந்தது. அதுவும் ரிஜிட்தான், ட்ரெய்லர் இல்லாத ஒரே உடல் வண்டி, ஆனால் வீல்பேஸ் (முன்பின் சக்கர இடைவெளி) வேறு, பின் ஆக்சிலுக்குப் பின்னால் பாடி இன்னும் நீளம். ஏறி உட்கார்ந்து சீட்டைச் சரிசெய்துவிட்டு மிரரைப் பார்த்தால், பளிச்சென்று சுத்தமான கண்ணாடி. டேப் இல்லை. அந்தக் கண்ணாடியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. வெளியே எக்ஸாமினர் ஏ கோன் பக்கத்தில் நின்று எனக்காகக் காத்திருந்தார்.

மெதுவாகப் பின்னால் வந்தேன். பி கோன் தெரிந்தது. எப்போது ஒடிப்பது என்றுதான் தெரியவில்லை. நிறுத்தினேன், ஹேண்ட்பிரேக் போட்டேன், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் நின்று பார்த்தபோதுதான் பே எங்கே இருக்கிறது, வண்டியின் வால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே முதல்முறையாகக் கண்ணில் பட்டது. ஏறி, ஒரு ஷண்ட் எடுத்து, அதாவது கொஞ்சம் முன்னால் இழுத்து நேராக்கி, உள்ளே விட்டேன். பாஸ்.

வெளியே வந்ததும் இன்ஸ்ட்ரக்டர் தோளில் தட்டி, "பாத்தீங்களா, நான் சொன்ன முறைதான்" என்றார். அது இன்னும் நெருடுகிறது. அவர் சொன்ன முறையில் ஒரு துளிகூட அன்றைக்கு நான் செய்யவில்லை.

இரவுட்ரங்க்

இப்போது வருகிறவர்களுக்கு 3ஏ தனி, ரோட்டில் ஓட்டுகிற 3பி தனி. 2021 நவம்பருக்கு முன்னால் எங்களுக்கு எல்லாம் ஒரே டெஸ்ட். முதலில் ரிவர்ஸ், அப்படியே ரோடு. அதுவும் முதலில் கிளாஸ் 2 எடுத்தாக வேண்டும், அதற்குப் பிறகுதான் ட்ரெய்லர் வண்டிக்கான கிளாஸ் 1. ரிவர்ஸில் கோனைத் தட்டிவிட்டு, ஃபெயில் என்று தெரிந்தே ஒரு மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் கதை மழை. பின்னால் தண்ணீர் நிரப்பிய ஆயிரம் லிட்டர் தொட்டிகள், பிரேக்கில் கால் வைத்தால் அந்தத் தண்ணீர் வந்து ஒரு தள்ளு தள்ளும். இடதுபக்கக் கதவுக் கண்ணாடி முழுக்க நீர் வழிகிறது, அதற்கு அப்பால் மிரரும் நனைந்து போயிருக்கிறது. கோன் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறையாகத்தான் தெரிகிறது. எக்ஸாமினரிடம் துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "உங்கள் வண்டி, உங்கள் கண்ணாடி" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. இறங்கிப் போய் ஜாக்கெட் கையாலேயே துடைத்தேன். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் குனிந்து என்னவோ எழுதினார்.

பாஸ் ஆனேன். தாளில் ரிவர்ஸுக்கு நேராக ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் அந்த நேரத்தில் என்னதான் எழுதினார்? வருஷக்கணக்காக யோசிக்கிறேன்.

கிளாஸ்1_அண்ணன்

பக்கமிரர் தம்பி, கோபிக்க வேண்டாம். டேப் வைத்துப் பழகுவது பயிற்சியே இல்லை. கனகாலமாக ஆர்டிக், அதாவது ட்ரெய்லர் இழுக்கிற வண்டி, ஓட்டுகிற ஆள் சொல்கிறேன். எனக்கு டெஸ்டில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. போனேன், செய்தேன், வந்தேன். ஆனால் இதை வாசிக்கிற பிள்ளைகளுக்காகச் சில விஷயம்.

ரிஜிட் லொறிக்கும் ட்ரெய்லருக்கும் வித்தியாசத்தை முதலில் மனதில் போட வேண்டும். ரிஜிட்டில் பின்பக்கம் வலதுக்குப் போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கும் வலதுக்கு. காரில் செய்கிற அதே வேலைதான், அளவு பெரிது. ஆனால் முன்பக்கம் எதிர்த்திசையில் வீசிப் போகும், அதை எல்லாரும் மறந்துபோவார்கள். பின்னால் கோன் தப்பிவிட்டது என்று சந்தோஷப்படும்போது முன் மூலை எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும்.

ட்ரெய்லரில் எல்லாம் தலைகீழ். ட்ரெய்லரின் பின்பக்கம் வலதுக்குப் போக, ஸ்டீரிங்கை இடதுக்குத் திருப்ப வேண்டும். குழப்பமாக இருந்தால் ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டு போங்கள். ட்ரெய்லர் எருமை மாதிரி. திரும்புவதற்கு நேரம் எடுக்கும், திரும்பத் தொடங்கினால் பிறகு நிற்காது. ஆகவே அது திரும்பத் தொடங்கின உடனேயே, இன்னும் போதாது போலத் தெரிகிறபோதே, ஸ்டீரிங்கை மறுபக்கம் எடுத்து யூனிட்டை, அதாவது இழுக்கிற முன்வண்டியை, அதன் பின்னால் கொண்டுவர வேண்டும். காத்திருந்தால் ஜாக்நைஃப்தான், யூனிட்டும் ட்ரெய்லரும் கத்தி மாதிரி மடங்கிவிடும்.

ட்ரெய்லரின் மூலையைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். பின்சக்கரம் போகிற இடத்துக்குத்தான் ட்ரெய்லர் போகும். அகலக்கோண மிரரில் எல்லாம் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். அதில் பார்த்துவிட்டு இன்னும் இடம் இருக்கிறது என்று நம்பி வந்தால் கோன் போய்விடும். தூரம் பார்க்கப் பெரிய மிரர், மொத்தப் படம் பார்க்க அகலக்கோணம். ஓட்டுநர் பக்கம் கோன் தெரிகிறது என்று அங்கேயே கண்ணை வைத்திருக்கக் கூடாது, மறுபக்க மிரரும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். வேகம்? ஆள் நடக்கிறதை விடக் குறைவு. வண்டி நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற வேகத்தில் வந்தால் எதையும் திருத்தலாம்.

கடைசியாக, பேவுக்குள் போனதும் அவசரப்படாதீர்கள். கறுப்பு மஞ்சள் கோடு போட்ட பகுதிக்குள் பின்விளிம்பு நிற்க வேண்டும், பின்னால் இருக்கிற தடுப்பையும் தொடக் கூடாது. அந்த இடத்தில்தான் ஆட்கள் சந்தோஷத்தில் காலை எடுத்துவிடுவார்கள். அப்புறம், ஆர்டிக் என்றால் ரிவர்ஸோடு முடியாது. ட்ரெய்லரைக் கழற்றிப் பூட்ட வேண்டும். ட்ரெய்லர் பிரேக் போடாமல் ஏர் லைனில் கை வைக்காதீர்கள். நம்பர் பிளேட்டையும் மறக்காதீர்கள்.

இரவுட்ரங்க்

அண்ணே, அவர் ஆலோசனை கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கிளாஸ்1_அண்ணன்

கேட்காவிட்டாலும் வாசிக்கிறவர்களுக்கு உதவும். மழைக் கதையால் யாருக்கு என்ன உதவி?

யூனிட்_அக்கா

சண்டையை நிறுத்துங்கள் இரண்டு பேரும்.

எனக்கு 3ஏ டெஸ்ட் வைத்தது எங்கள் கம்பெனியிலேயே இருக்கிறவர். அனுமதி பெற்ற எக்ஸாமினர். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர் இல்லை, ஆனால் கேன்டீனில் பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர், என் பெண்ணின் படிப்பெல்லாம் விசாரிக்கிறவர். அன்றைக்கு என்னைப் பார்த்து, "உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்றார். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆர்டிக். பாதி வழியில் வந்து, ட்ரெய்லர் இடதுபக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிறுத்தி இறங்கினேன். இடதுபக்கம் நடந்து போனேன். அவர் சட்டென்று முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்வேனோ என்று நினைத்திருக்கிறார். கோனுக்கும் டயருக்கும் இடையே என் பூட்ஸ் அகலம் இருந்தது. ஏறி உட்கார்ந்து யூனிட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மறுபடியும் வந்தேன். உள்ளே போய்விட்டது.

யார்டில் அன்று சாயங்காலமே பேச்சு: "நம்ம ஆள்தானே, விட்டுட்டார்." அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றதை யாரும் பார்க்கவில்லை. இப்போதும் புதுசாக யாராவது சேர்ந்தால் அந்தக் கதையைச் சொல்கிறார்கள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. வெளியே டெஸ்ட் சென்டரில் போய் எடுத்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். சில நாள், போங்கடா என்று தோன்றும்.

வரலாம்வரலாம்

அண்ணன் சொன்ன எருமை உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரில் லாரி ஓட்டிவிட்டு இங்கே வந்தவர்களின் கஷ்டம் வேறு, அதை யாரும் சொல்லவில்லையே.

இந்திய லைசென்ஸை இங்கே கொடுத்து மாற்ற முடியாது, எல்லாம் முதலிலிருந்து. சரி, ஓட்டத் தெரியும்தானே என்று நம்பிக்கையோடுதான் போனேன். தமிழ்நாட்டில் பன்னிரண்டு சக்கர வண்டியை லோடோடு சந்துக்குள் ரிவர்ஸ் விட்டவன். ஆனால் அங்கே நான் ஒருநாளும் தனியாக ரிவர்ஸ் எடுத்ததே இல்லை என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. பின்னால் கிளீனர் நிற்பான். பாடியில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, "வரலாம் வரலாம் வரலாம்... லெஃப்ட்ல ஒடி... வரலாம்..." அப்புறம் பலமாக ரெண்டு தட்டு, "ஹோல்டேய்!" அந்த ரெண்டு தட்டுக்குத்தான் என் கால் பிரேக்குக்குப் போகும். மிரரைப் பார்த்ததாகவே நினைவில்லை. அவன் இல்லையென்றால் டீக்கடையில் நிற்கிற யாராவது வந்து நின்று தட்டுவார்கள். ரிவர்ஸ் என்பதே ரெண்டு பேர் வேலை அங்கே.

இங்கே டெஸ்டில் யாரும் பேசக் கூடாது. ரிவர்ஸ் பீப் மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது. மிரரில் கோன் வருகிறது, வருகிறது, யாரும் தட்டவில்லை. எங்கே நிறுத்துவது என்று உடம்புக்குத் தெரியவில்லை. அப்போது ஒரு சத்தம் கேட்டது. நான்தான். "வரலாம், வரலாம்" என்று நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ஜன்னல் திறந்திருந்தது. பேவுக்குள் போனதும் "ஹோல்டேய்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எக்ஸாமினர் திரும்பிப் பார்த்தார்.

முடிந்ததும், "யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டார். கிளீனர் என்றால் அவருக்கு என்னவென்று விளங்கவைப்பது? வண்டி கழுவுகிற ஆள் என்று நினைத்துக்கொள்வார். "எனக்கே சொல்லிக்கொண்டேன்" என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது டிப்போவில் தினமும் ரிவர்ஸ்தான். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்கிறேன்.

பக்கமிரர்

ஐயா, உங்கள் பதிவைப் பேருந்தில் படித்துச் சிரித்து, பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். என் இன்ஸ்ட்ரக்டரின் டேப்பும் அந்தக் கிளீனரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் கிளீனருக்குக் கண் உண்டு.

கிளாஸ்1_அண்ணன்

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். டேப் வேண்டாம்.

யூனிட்_அக்கா

நான் டேப் ஒட்டித்தான் பழகினேன். தொடக்கத்தில் கண்ணுக்கு ஒரு பிடி வேண்டுமே. பிறகு இன்ஸ்ட்ரக்டரே ஒருநாள் வந்து உரித்துப் போட்டார், அன்றிலிருந்து ட்ரெய்லர் சக்கரத்தை மட்டும் பார் என்றார். பக்கமிரரின் ஆள் உரிக்கவில்லை, பிரச்சினை அங்கேதான்.

கிளாஸ்1_அண்ணன்

உரிக்க வேண்டியதை எதற்கு ஒட்டுவது?

புதுசு_கிளாஸ்2

வணக்கம். எனக்கு வியாழக்கிழமை 3ஏ. மேலே இருப்பதெல்லாம் படித்தேன், இருந்த தைரியமும் போய்விட்டது. என் லாரியிலும் டேப் இருக்கிறது. உரித்துவிடவா, அப்படியே இருக்கட்டுமா? ஒரே வரியில் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கிளாஸ்1_அண்ணன்

உரி. அதோடு முக்கியமான விஷயம், சீட் உயரத்தை முதலில் பார். சீட் மாறினால் மிரரில் தெரிகிற எல்லாமே மாறும். அதைச் சரியாக வைத்த பிறகு…

இரவுட்ரங்க்

ஒரே வரி என்றார் அண்ணே.

யூனிட்_அக்கா

வியாழக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கிறது, இப்போது உரிக்காதீர்கள். ஆனால் நாளைக்கே ஒரு தடவை வேறு லாரியில் ஏறி ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். இறங்கிப் பார்ப்பதற்கும் ஷண்டுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள், எத்தனை என்பதை எக்ஸாமினர் ஆரம்பத்தில் சொல்லும்போது கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் துடைக்கத் துணி எடுத்துப் போங்கள்.

இரவுட்ரங்க்

துணி! மழைக் கதையால் ஒருத்தருக்கு உதவி ஆகிவிட்டது, அண்ணன் குறித்துக்கொள்ளவும்.